போர்ட் லூயிக்கு ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள்

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டிய கதவின் முன்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். நான், தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா, அவருடைய கணவர். கதவுக்கு அப்பால் ஆப்பிரவாசி காட்: மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயியில், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த இந்தியர்கள் கப்பலிலிருந்து இறங்கிய இடம். பல ஆண்டுகளுக்கு முன் தமிழாசிரியர் பயிற்சிக்காக நான் தஞ்சாவூரில் தங்கியிருந்தபோது, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தவித்த எனக்கு ஒரு மாதம் தன் வீட்டிலிருந்து கேரியரில் சோறு அனுப்பியவர் அந்த அக்கா. "உங்கள் பாட்டன்மார் கப்பலிலிருந்து இறங்கிய படிகளை நான் ஒரு முறை பார்க்க வேண்டும்" என்று அன்றே சொல்லியிருந்தார். இத்தனை ஆண்டு கழித்து வந்தவரை நான் ஞாயிற்றுக்கிழமையில் அழைத்துக்கொண்டு போனேன். பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அங்கே கூட்டிப் போகிறவள் நான். எல்லாப் பயணமும் வேலை நாளிலேயே அமைந்துவிட்டதால் கிழமையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

நல்ல வேளையாக, அவர்கள் திரும்பிப் போவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மீண்டும் அழைத்துப் போனேன். அந்த ஒரு நாள் எனக்கே நிறையக் கற்றுக்கொடுத்தது. தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மொரீசியஸுக்கு வருகிறவர்கள் பலர் கடற்கரையில் ஐந்து நாள் இருந்துவிட்டுத் தலைநகரத்துக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். அந்த அரை நாளும் பாதி கடைகளில் போய்விடுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போர்ட் லூயி அலுவலக நகரம். காலை எட்டு மணிக்குத் தீவின் எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். மாலை நான்கரைக்கெல்லாம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள். அரசு அருங்காட்சியகங்களும் அந்தத் தாளத்தில்தான் இயங்குகின்றன. ஒன்பது மணிக்குத் திறந்து நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். சனிக்கிழமையானால் நண்பகலோடு சரி. இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் புதன்கிழமைகளில் மட்டும் பதினொரு மணிக்குத் திறக்கும். இது தெரியாமல் புதன்கிழமை காலை வாசலில் காத்துக் கிடக்கும் குடும்பங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் நாட்டில் பொது விடுமுறைகளும் அதிகம். தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, உகாதி, ரம்ஜான், விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று எல்லாருடைய திருநாளும் எல்லாருக்கும் விடுமுறை. அது எங்களுக்குப் பெருமை. ஆனால் உங்கள் பயணத் தேதி அவற்றில் ஒன்றில் விழுந்தால் நீங்கள் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். வரும் வாரத்தின் விடுமுறைகளைத் தங்கும் விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேரங்கள் மாறுவதும் உண்டு. ஆகவே கிளம்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம்.

காரில் வர வேண்டாம். வண்டி நிறுத்த இடம் தேடியே உங்கள் காலை நேரம் கரைந்துவிடும். நான் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன்; மெட்ரோவில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் விக்டோரியா நிலையத்தில் இறங்கிவிடலாம். கியூர்பிப்பிலிருந்தும் அதே ரயில்தான். வடக்கே கிராண்ட் பே பக்கம் தங்குகிறவர்களுக்கு பஸ். அது இமிகிரேஷன் சதுக்கத்தில் கொண்டுவந்து விடும்; அங்கிருந்து ஆப்பிரவாசி காட் கூப்பிடு தூரம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நகரம் கொதிக்கும். சுற்றி மலைகள் நிற்பதால் காற்று உள்ளே வராது. அந்த மாதங்களில் வருகிறவர்கள் நடக்க வேண்டியதைப் பத்து மணிக்குள் நடந்துவிட்டு, வெயில் ஏறியபின் கூரைக்கு அடியில் இருக்கும் இடங்களுக்குப் போவது நல்லது.

இன்னொன்று. எந்த வாசலில் நுழைந்தாலும், கேள்வி கேட்பதற்கு முன் "போன்ஷூர்" சொல்லுங்கள். எங்கள் ஊரில் வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. நேரடியாக "டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்பவருக்கு விலை மட்டும் கிடைக்கும். போன்ஷூர் சொல்லிவிட்டு, "நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னால், காவலாளி எழுந்து வந்து தன் பாட்டியின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுவார். இது மிகை அல்ல. அந்தத் திங்கட்கிழமை அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது.

இனி ஆப்பிரவாசி காட். உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ இதை 2006-இல் அறிவித்தது. பழைய பெயர் கூலி காட். 1834-இல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள், 36 பேர், கல்கத்தாவிலிருந்து அட்லஸ் என்ற கப்பலில் வந்தார்கள். அவர்கள் வந்த நவம்பர் 2 இன்றும் எங்களுக்கு விடுமுறை நாள். அதற்குப் பிந்திய முக்கால் நூற்றாண்டில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். இந்தக் குடியேற்றக் கூடம் 1849-இல் கட்டத் தொடங்கப்பட்டது. பிறகு சாலை வந்தது, ரயில் பாதை வந்தது, துறைமுகத்தைத் தூர்த்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது பழைய கூடத்தில் பாதிக்கும் குறைவுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய கட்டடத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். கருங்கல் சுவர்கள், மருத்துவமனைப் பகுதி, சமையற்கட்டு, கழிப்பிடங்களின் அடித்தளம், வாயிற்காப்போன் அறை, பதினாறு படிகள்: கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் இங்கே இரண்டு நாள் போல வைக்கப்பட்டார்கள். பெயர், வயது, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு எல்லாம் எழுதப்பட்டன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பிறகு எந்தத் தோட்டத்துக்கு ஒதுக்கினார்களோ அந்தத் தோட்டத்துக்குப் போனார்கள். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு நின்றால் அந்தச் சிறிய முற்றமே போதும், பெரிய கட்டடம் தேவைப்படாது.

ஆகவே முதலில் முற்றத்துக்குப் போகாதீர்கள். பக்கத்திலேயே பீக்ரம்சிங் ராம்லல்லா விளக்க மையம் இருக்கிறது. அதை முதலில் பாருங்கள். கப்பல் பயணம், பதிவேடுகள், தோட்ட வாழ்க்கை என்று எல்லாவற்றையும் அங்கே படித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து முற்றத்துக்கு வந்தால் கற்கள் பேசும். நுழைவுக் கட்டணம் இல்லை. பலகைகளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கலாம். வழிகாட்டி கிடைப்பாரா என்று நிச்சயம் கேளுங்கள். கூட்டம் இல்லாத காலை வேளையில் அவர்கள் நேரம் எடுத்துப் பேசுவார்கள்.

அக்கா படிகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. என் மாணவர்களின் தாய்மார்களும் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். "டீச்சர், இத்தனை பேரும் அழுதுகொண்டே ஏறியிருப்பார்களா?" என்று கேட்டார்.

"தெரியாது அக்கா. சிலர் பசியிலிருந்து தப்பி வந்தவர்கள். சிலர் ஏமாற்றப்பட்டு வந்தவர்கள். சிலர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய், பிறகு தாங்களே விரும்பித் திரும்பி வந்தவர்கள்."

"திரும்பியும் வந்தார்களா?"

"வந்தார்கள். அதுவும் பதிவேட்டில் இருக்கிறது."

அவர் வெகு நேரம் பேசவில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வருகிறது. ஆப்பிரவாசி காட்டிலிருந்து சில நிமிட நடையில் ஒரு பழைய இராணுவ மருத்துவமனை இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் மாஹே த லபூர்தொன்னே காலத்தில், 1740-இல் எழுந்த கட்டடம். 2023 முதல் அங்கே கண்டங்களுக்கிடையிலான அடிமைமுறை அருங்காட்சியகம் இயங்குகிறது. அடிமைமுறை, ஒப்பந்தக் கூலிமுறை ஆகியவற்றின் விளைவுகளை ஆராய்ந்த உண்மைக்கும் நீதிக்குமான ஆணையம் 2011-இல் தந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று அப்படி ஓர் இடம் வேண்டும் என்பது. இங்கே வரும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆப்பிரவாசி காட்டைப் பார்த்துவிட்டு இந்த வாசலைக் கடந்து போய்விடுகிறார்கள். அக்காவும் தயங்கினார். "அது நம்முடைய கதை இல்லையே. நேரமும் குறைவாக இருக்கிறது" என்றார். உள்ளூர்த் தமிழர்கள் சிலரே இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் இதை ஏற்பதில்லை. எவ்வளவு மரியாதையோடு சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையோடு, ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன்: அந்த இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்க்காவிட்டால் நம்முடைய கதையில் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள்.

தமிழர்கள் இந்தத் தீவுக்கு 1834-க்குப் பிறகு வந்தவர்கள் மட்டும் அல்லர். அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் இத்தீவை ஆண்டபோது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கொல்லர்களும் வந்துவிட்டார்கள். லபூர்தொன்னே இந்தத் துறைமுகத்தை ஊராக்கியபோது அவர்கள் கை அதில் இருந்தது. அவர்கள் குடியிருந்த பகுதியை மலபார் முகாம் என்று அழைத்தார்கள். அந்தக் காலத்தில் இங்கே தமிழரை மலபார் என்றே சொல்வார்கள். கைவினைஞராகச் சம்பளத்துக்கு வந்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, இந்தியக் கரையிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்டு வந்தவர்களும் இருந்தார்கள். மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். ஆனால் அந்தக் கூட்டத்தில் நம் மொழி பேசியவர்களும் சங்கிலியோடு இருந்தார்கள். அவர்களுக்குக் கப்பல் பதிவேடும் இல்லை, எண்ணும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. எசமானர் வைத்த பெயரோடு மறைந்துபோனார்கள். அவர்களைத் தேட வேறு வாசல் கிடையாது.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை இங்கே ஒழிக்கப்பட்டபோது, 60,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள் சொத்து என்ற கணக்கிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதற்கு இழப்பீடாகப் பிரிட்டிஷ் அரசு 20 லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்தது. யாருக்கு? எசமானர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. மேலும் சில ஆண்டுகள் பழைய எசமானரிடமே பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் உழைக்க வேண்டியிருந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு மலிவான கைகள் தேவைப்பட்டன. அந்தத் தேவைதான் நம் பாட்டன்மாரைக் கப்பல் ஏற்றியது. ஒரு கூட்டம் விலங்கு கழன்று வெளியேறிய தோட்டத்துக்குள் இன்னொரு கூட்டம் கைநாட்டு வைத்துவிட்டு நுழைந்தது. இரண்டு கட்டடங்களுக்கும் இடையே நீங்கள் நடக்கும் அந்தச் சில நிமிடத் தூரம்தான் இந்த நாட்டின் வரலாறு. என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதே பள்ளியில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கிரியோல் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பிள்ளைகளை நான் இரண்டு இடங்களுக்கும் அழைத்துப் போகாமல் திரும்பியது இல்லை.

அக்கா உள்ளே வந்தார். அந்தக் கட்டடத்தின் தடித்த கற்சுவரைக் காட்டி, "இதில் புதுச்சேரிக் கொத்தனார்களின் கையும் இருக்கலாம், அடிமைகளின் கையும் இருக்கலாம்" என்றேன். அவருடைய கணவர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவரை வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நேரம் குறைவு என்று சொன்ன அக்காதான் கடைசியாக வெளியே வந்தார். இந்த இடத்துக்குச் சிறு குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் பேசித் தயார்செய்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு உடனே பதில் வராது.

இரண்டையும் முடிக்க எப்படியும் பன்னிரண்டு மணி ஆகிவிடும். பசிக்கும். மத்தியச் சந்தை பக்கத்தில்தான் இருக்கிறது. டால் பூரி வாங்குங்கள். இரண்டு இரண்டாகத்தான் கொடுப்பார்கள். கடலைப் பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய பூரி, அதன்மேல் பீன்ஸ் குழம்பு, ஊறுகாய், மிளகாய். காத்தோ பிமான் என்று சொல்லித் தருவதைக் கடித்துப் பார்த்தால், பருப்பு வடையின் தங்கை என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். வெயிலுக்கு ஒரு குவளை ஆலுடா. பாலில் சப்ஜா விதையும் அகர் அகரும் போட்டது. சந்தைக்குள் கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டுத் துறைமுகம் பக்கம் நடந்தால் பிளாஸ் தார்ம். பனைமரங்கள் வரிசையாக நிற்கும் அகன்ற நடை. கடலை நோக்கி லபூர்தொன்னேயின் சிலை. சென்னைக்காரர்களுக்கு ஒரு செய்தி: 1746-இல் கப்பற்படையோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தவர் இவரேதான். இந்தத் தீவிலிருந்துதான் புறப்பட்டு வந்தார். நான் இதைச் சொன்னதும் அக்காவின் கணவர் சிலையைச் சுற்றி ஒரு முறை நடந்துவந்தார். நடையின் மறு முனையில் அரசு மாளிகை, அதன் முன் விக்டோரியா ராணியின் சிலை. உள்ளே போக முடியாது. வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். 1822-இல் திறக்கப்பட்ட நாடக அரங்கும் அருகில்தான். அதையும் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நகரலாம்.

லா ஷோசே தெருவில், கம்பெனித் தோட்டத்தை ஒட்டி இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். குழந்தைகளோடு வருகிறவர்கள் இதை விடவே கூடாது. இந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூடு இங்கே இருக்கிறது. உலகத்து அருங்காட்சியகங்களில் உள்ள டோடோ எலும்புக்கூடுகள் பெரும்பாலும் பல பறவைகளின் எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டியவை. இங்கே இருப்பது ஒரே பறவையினுடையது. அதைக் கண்டெடுத்தவர் எத்தியேன் தீரியூ. படித்துப் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர். இந்த நகரத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். ஓய்வு நேரத்தில் மலைகளில் ஏறிக் குகைகளைத் துழாவி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார். இந்தச் செய்தியைச் சொல்லும்போது என் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். டோடோ கடைசியாகக் காணப்பட்டதாகப் பலரும் ஏற்கும் ஆண்டு 1662. டச்சுக்காரர்கள் இங்கே காலூன்றி அதற்குள் முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. இதற்கும் கட்டணம் இல்லை. முக்கால் மணி நேரம் போதும்.

பிறகு கோதான் கடைத்தெருவில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகம். இது தனியார் வங்கி ஒன்று நடத்துவது, கட்டணம் உண்டு. 1847-இல் அச்சிட்ட, அரிதிலும் அரிதான ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் அஞ்சல்தலைகள் இங்கே இருக்கின்றன. 1993-இல் மொரீசியஸ் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஏலத்தில் வாங்கித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தவை. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் அசல் தலைகளுக்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் மட்டுமே விளக்குப் போடுவார்கள். மற்ற நேரங்களில் நகல்களைத்தான் காணலாம். ஒவ்வொரு மணியிலும் 25-ஆம் நிமிடத்தில் விளக்கு எரியும். ஆகவே இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்து, பழைய வரைபடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்து, இரண்டு இருபதுக்கு அந்த அறைக்குப் போய்விடுங்கள். மூன்று மணிக்குப் போய் அவசரமாக எட்டிப்பார்த்துவிட்டு வந்தால் நகலைப் பார்த்துவிட்டு அசலைப் பார்த்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

அஞ்சல்தலையைவிட எனக்குப் பிரியமான ஒரு காகிதம் உங்கள் பையிலேயே இருக்கும். நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுக்கும்போது கையிலுள்ள நோட்டைத் திருப்பிப் பாருங்கள். மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-இல் புதிய நோட்டுகள் வந்தபோது நோட்டில் உள்ள மொழிகளின் வரிசையில் தமிழுக்கு இருந்த இடம் மாறியிருந்தது. எங்கள் சமூகம் எதிர்த்து நின்றது. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 100 ரூபாய் நோட்டில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன். வழக்கறிஞர், அமைச்சர், தமிழர், 1958-இல் மறைந்தவர். வீட்டில் கிரியோல் மொழி பேசும் பிள்ளைகளுக்கு நான் தமிழ் எழுத்து சொல்லித்தரும்போது முதலில் காட்டுவது இந்த நோட்டைத்தான். "மிஸ், கடையில் இருக்கிறதே இந்த எழுத்து!" என்று அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகும்போது நினைவுக்கு ஒரு 100 ரூபாய் நோட்டைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் டோடோ பொம்மையைவிட அது மேல்.

மேலே குன்றில் உள்ள அடிலெய்ட் கோட்டைக்கு நேரமும் காலில் தெம்பும் இருந்தால் போகலாம். 1834 முதல் 1840 வரை ஆங்கிலேயர் கட்டியது. கட்டடத்தைவிட அங்கிருந்து தெரியும் காட்சிதான் பெரிது. துறைமுகமும், 1812 முதல் குதிரைப் பந்தயம் நடக்கும் ஷான் த மார்ஸ் திடலும் காலடியில் தெரியும். 1968 மார்ச் 12 அன்று எங்கள் கொடி ஏறியது அந்தத் திடலில்தான்.

மொரீசியஸிலேயே வேர் உள்ளவர்களுக்கும், ரியூனியனிலோ பிரான்சிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறிவிட்ட எங்கள் பிள்ளைகளுக்கும் கடைசியாக ஒன்று. பார்த்துவிட்டுப் போவதோடு நிற்காதீர்கள், தேடுங்கள். குடியேற்றப் பதிவேடுகள் போர்ட் லூயியில் இல்லை. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கப்பலின் பெயர், வந்த நாள், தந்தை பெயர், மாவட்டம், கிராமம், ஒதுக்கப்பட்ட தோட்டம் என்று ஒரே வரியில் ஒரு மனிதர் இருப்பார். 1860-களிலிருந்து சிலருக்குப் புகைப்படமும் உண்டு. தொழிலாளி கையில் எப்போதும் வைத்திருக்க வேண்டிய அடையாளச் சீட்டுக்காக எடுத்தது. அடக்குவதற்காக எடுத்த படம். இன்றைக்கு எங்கள் பாட்டன்மாரின் முகம் எங்களிடம் இருப்பது அதனால்தான்.

நினைத்தவுடன் போய்க் கேட்டால் கிடைக்காது. உங்கள் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் சான்றிதழ், தாத்தாவின் திருமணப் பதிவு என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் சேர்க்க வேண்டும். குடியேறியவரின் எண் எங்காவது ஒரு பழைய பத்திரத்தில் இருந்தால் வேலை எளிது. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததை எழுதினார். வீரப்பன் வீராபென் ஆனார். சின்னத்தம்பி சின்னாதாம்பூ ஆனார். ஆறுமுகம் ஆர்மூகோம் ஆனார். பெண்களின் பெயர்கள் இன்னும் சிதைந்திருக்கும். நாலைந்து விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டு போங்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வேலை நாளில் போங்கள்.

நான் என் அம்மா வழியில் தேடினேன். கையில் இருந்தது ஓர் எண் மட்டும். பாட்டியின் இரும்புப் பெட்டி மூடியின் உட்புறத்தில் யாரோ கீறி வைத்திருந்தார்கள். சீட்டு எண் என்று நாங்கள் நெடுங்காலம் நினைத்திருந்தோம். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஒரு பெண் இருந்தாள். வயது பத்தொன்பது. தென்னாற்காடு. தனியாக வந்திருக்கிறாள். கணவன் பெயர் இல்லை, கூட வந்த உறவினர் பெயரும் இல்லை. அம்மா அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "பத்தொன்பது வயதில் இவளுக்கு யார் இருந்தார்கள்?" என்று என்னைக் கேட்டாள். அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. தன் பாட்டியின் பாட்டியைப் பற்றி, தான் பெற்ற மகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினாள்.

இதைக் கேட்டபின் தஞ்சாவூர் அக்கா ஊருக்குப் போகும் முன் அந்தக் கிராமத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். விழுப்புரம் பக்கம் அதே பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றனவாம். இரண்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வருகிற செவ்வாய்க்கிழமை போர்ட் லூயிக்கு அழைத்துப் போகிறேன். ஒன்பது மணிக்கு விளக்க மையத்தின் வாசலில் இருப்போம். அன்று நீங்களும் அங்கே இருந்தால் எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.